இல்லாத கேமராவுக்குப் படம் அனுப்புவது எப்படி?

வெப்கேம்னா என்னங்க? மடிக்கணினி மேல பொட்டு மாதிரி ஒண்ணு இருக்குமே, அதுதானேம்பீங்க. ஜூம், கூகுள் மீட் மாதிரி மென்பொருளுக்கு அது அப்படி இல்ல. அதைப் பொறுத்தவரைக்கும் வெப்கேம்ங்கிறது பட்டியல்ல இருக்கிற ஒரு பேரு. அந்தப் பேரைத் தேர்ந்தெடுத்தா நொடிக்கு இத்தனை படம்னு வந்துக்கிட்டே இருக்கும். படம் லென்ஸ் வழியா வந்துச்சா, இல்ல ஓரமா உக்காந்து எவனாவது அனுப்பறானான்னு அது கேக்கறதே இல்ல.

2021 பிப்ரவரியில உலகம் பூரா ஒரு வீடியோ சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல ஜூம் வழியா கோர்ட்டு விசாரணை. ஒரு வக்கீல் வந்து உக்கார்றாரு, திரையில தெரியறது ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி. அவர் பேசப் பேச பூனை வாயசைக்குது. பாவம், மனுஷன் பதறிப்போய் நான் பூனை இல்லைங்கன்னு நீதிபதிகிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆனா அங்க நடந்தது என்னன்னு யோசிச்சா ரொம்ப சாதாரணம். கேமராவுக்கும் ஜூமுக்கும் நடுவுல ஒரு மென்பொருள் உக்காந்து படத்தை மாத்தி அனுப்பியிருக்கு. ஜூமுக்குப் பூனையும் ஒண்ணுதான், வக்கீலும் ஒண்ணுதான் :-)

புனேல நான் பொட்டி தட்டற இடத்துல எனக்கு வீடியோ கால் மென்பொருளைச் சோதிக்கிற ஆணி. இந்தப் பக்கம் கையசைச்சா அந்தப் பக்கம் தெரிய எத்தனை மில்லி செகண்ட் ஆகுதுன்னு அளக்கணும். தினம் நூறு தடவை கேமரா முன்னாடி நானே கையை ஆட்டிக்கிட்டிருக்க முடியுமா? அதனால ஒவ்வொரு படத்து மேலயும் ஒரு வரிசை எண்ணை எழுதி, அதை ஒரு பொய்க் கேமரா வழியா அனுப்பி, அந்தப் பக்கம் எந்த எண் எப்ப வந்து சேருதுன்னு பாக்கறது. இதுக்குப் பைதான்ல சுமார் பதினஞ்சு வரி போதும். அதான் ஆச்சரியம்.

எப்படின்னு சொல்றேன். லினக்ஸ்ல வி4எல்2 லூப்பேக்னு ஒரு கெர்னல் மாட்யூல் இருக்கு. அதை ஏத்தினதும் கணினியில புதுசா ஒரு கேமரா முளைக்கும். பேரு இருக்கும், கண்ணு இருக்காது. ஒரு பக்கம் நாம படத்தை எழுதுவோம், மறு பக்கம் குரோமோ ஜூமோ அதை எடுத்துக்கும். குழாய் மாதிரி வெச்சுக்கங்களேன். ஏத்தும்போது எக்ஸ்க்ளூசிவ் கேப்ஸ்ங்கிற அமைப்பை 1னு குடுக்க மறந்துடாதீங்க. இல்லேன்னா குரோம் இதைக் கேமராவாவே மதிக்காது, பட்டியல்லயே வராது. பேரும் நம்ம இஷ்டம்தான். என்ன பேரு வெச்சாலும் பட்டியல்ல அப்படியே வரும்.

அடுத்தது பைதான் பக்கம். பைவர்ச்சுவல்கேம்னு ஒரு நூலகம் இருக்கு. அகலம் 1280, உயரம் 720, நொடிக்கு 30 படம்னு சொல்லி கேமராவைத் திறக்கணும். அப்புறம் ஒரு லூப். உள்ளே ஒரு படத்தைத் தயார் பண்ணு, அனுப்பு, அடுத்த படத்துக்கு நேரம் வர்ற வரைக்கும் தூங்கு. அவ்வளவுதான். அந்தத் தூக்கத்தை நாமளா கணக்குப் போட வேணாம், அதுக்கும் நூலகத்துலயே ஒரு செயல்பாடு வெச்சிருக்காங்க.

படம்னா என்ன? வெறும் எண்கள். நம்பையில ஒரு அட்டவணை. 720 வரிசை, 1280 பத்தி, ஒவ்வொரு கட்டத்துலயும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 0லேர்ந்து 255 வரைக்கும் மூணு எண். ஒரு படத்துக்கு 27,64,800 பைட். நொடிக்கு 30 படம்னா 8 கோடியே 29 லட்சத்து 44 ஆயிரம் பைட். நம்ம முகம்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கறது இதுதான்.

இங்க ரெண்டு இடத்துல ஜாக்கிரதையா இருக்கணும். அட்டவணையில உயரம் முதல்ல வரும், அகலம் அடுத்தது. கேமராவைத் திறக்கும்போது அப்படியே தலைகீழ், அகலம்தான் முதல்ல. இன்னொண்ணு நிறம். ஓபன்சிவி படத்தைப் படிக்கும்போது நீலம், பச்சை, சிவப்புங்கிற வரிசையில குடுக்கும். பைவர்ச்சுவல்கேம் நாம வேற மாதிரி சொல்லாத வரைக்கும் சிவப்பு முதல்ல வரும்னு எதிர்பார்க்கும். சொல்லாம விட்டா சிவப்பும் நீலமும் இடம் மாறி, மீட்டிங்ல நீங்க சாட்சாத் கிருஷ்ண பரமாத்மாவா காட்சி குடுப்பீங்க. தரிசனம் கிடைக்குதுன்னு மேனேஜர் சந்தோஷப்பட மாட்டார்.

இதுவரைக்கும் ஆபீஸ் சமாச்சாரம். இது எங்க வீட்டுக்குள்ள வந்த கதைதான் நான் சொல்ல வந்தது.

அப்பா தபால் துறையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் அவரும் மன்னார்குடியில இருக்காங்க. நான் புனே வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ராத்திரி எட்டரை மணி வீடியோ காலை விட்டா எங்களுக்குள்ள வேற போக்குவரத்து கிடையாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போறது தனிக் கணக்கு. ஓய்வு பெற்றப்ப வந்த பணமெல்லாம் அப்பா பேர்லதான் இருக்கு. நான் திரையில வந்து, அப்பா அவசரமா மூணு லட்சம் வேணும்னு சொன்னா, எதுக்குன்னு கூட கேக்க மாட்டார். அதை நினைச்சா பெருமையாவும் இருக்கும், கொஞ்சம் பயமாவும் இருக்கும்.

ஒரு நாள் அவரே ஆரம்பிச்சார். "என்னமோ மூஞ்சியையே மாத்திக்கிட்டுப் பேசறானாமேடா. பேப்பர்ல போட்டிருக்கான். அது எப்படிடா முடியும்? மூஞ்சி தெரியுதுல்ல?"

அவர் கேட்ட மாதிரி நிஜமாவே நடந்திருக்கு. 2023 ஜூலையில கேரளாவுல கோழிக்கோட்டுல, ஓய்வு பெற்ற ஒருத்தருக்குப் பழைய சக ஊழியர் பேர்ல வாட்ஸப்புல அழைப்பு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு 40,000 ரூபாய் வேணும்னு கேட்டிருக்கான். இவர் சந்தேகப்பட்டதும் கொஞ்ச நேரம் வீடியோவுல வந்து முகத்தைக் காட்டியிருக்கான். அதே முகம். பணம் போயிடுச்சு. மறுபடியும் கேட்டப்பதான் இவர் உஷாராகி, தன்கிட்ட இருந்த பழைய நம்பர்ல நண்பரைக் கூப்பிட்டிருக்கார். நண்பருக்கு ஒண்ணுமே தெரியாது.

இதை அப்பாவுக்கு வாயால விளக்கறதை விட காட்டிடலாம்னு தோணிச்சு. சொல்லிட்டுத்தான் செஞ்சேன். "இந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி மூணு நாள் பேசுவோம். அதுல ஒரு நாள் படத்துல நான் இருக்க மாட்டேன். குரல் என்னோடதுதான், படம் மட்டும் முன்னாடியே எடுத்து வெச்சது. எந்த நாள்னு நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா கண்டுபிடிக்கணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கக் கூடாது." அப்பாவுக்கு ஒரே உற்சாகம். நோட்டுப் புத்தகம் எடுத்து வெச்சுக்கிட்டார்.

நான் செஞ்சது இவ்வளவுதான். தினம் உக்கார்ற அதே நாற்காலி, அதே நீலச் சட்டை. கேமராவைப் பாத்து நாலு நிமிஷம் தலையை ஆட்டறது, லேசா சிரிக்கறது, உதட்டை அசைக்கறதுன்னு ஒரு வீடியோ எடுத்துக்கிட்டேன். அது முடிஞ்சு மறுபடி ஆரம்பிச்சா ஒட்டுப்போட்ட இடத்துல தலை டக்குனு குதிக்கும். அதனால முடிஞ்சதும் பின்னோக்கி ஓட விட்டு, மறுபடி முன்னோக்கின்னு மாத்தி மாத்தி அனுப்பற மாதிரி எழுதினேன். முகத்தை மாத்தற செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்ல. மேல சொன்ன அதே பதினஞ்சு வரியோட இன்னொரு நாலு வரி.

திங்கள்கிழமை நிஜமாவே நான்தான் இருந்தேன். அன்னிக்கு நெட் சரியில்ல, முகம் கட்டம் கட்டமா உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சாம். அப்பா அன்னிக்கே நோட்டுல பொய்னு எழுதிட்டார். புதன்கிழமை பொய்ப் படம். இருபது நிமிஷம் பேசினார். பி.எஃப்., பக்கத்து வீட்டு மாமரம், மோட்டார் ரிப்பேர்னு எல்லாம் பேசி முடிச்சார். நடுவுல ஒரு தடவை, "வாய் ஒரு பக்கம் போவுது, பேச்சு ஒரு பக்கம் வருது, உன் நெட்டை மாத்துடா"ன்னார். நோட்டுல மட்டும் நிஜம்னு எழுதியிருக்கார்!

இதைத்தான் கவனிக்கணும்னு நினைக்கிறேன். வாயும் பேச்சும் ஒட்டலைங்கிறது அவர் கண்ணுல பட்டிருக்கு. ஆனா அதைப் பொய்க்கு அடையாளமா எடுத்துக்காம நெட்டு மேல பழியைப் போட்டுட்டார். நாம எல்லாரும் அப்படித்தான். இத்தனை வருஷமா படம் உறைஞ்சு போறதையும், குரல் பின்தங்கறதையும், முகம் கலைஞ்சு போறதையும் மன்னிச்சு மன்னிச்சுப் பழகிட்டோம். மோசமான இணைப்பு நம்மளை அப்படிப் பழக்கி வெச்சிருக்கு. ஏமாத்தறவனுக்குப் படம் துல்லியமா இருக்கணும்னு அவசியமே இல்ல. சுமாரா இருந்தா போதும், மிச்சத்தை நாமளே நிரப்பிக்குவோம்.

வெள்ளிக்கிழமை முடிவு சொல்ற நாள். அப்பா திங்கள்னார். அம்மா அடுப்படியிலேர்ந்து கையைத் துடைச்சுக்கிட்டே வந்து, "புதன்கிழமைதான். எனக்கு அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சுபோச்சு"ன்னாங்க.

எப்படிம்மான்னு கேட்டேன். வாயசைவைச் சொல்லுவாங்க, ஒட்டுப்போட்ட இடத்தைச் சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்தேன்.

"நீ எப்பவும் பேசும்போது பக்கத்துல எதையோ பாத்துக்கிட்டே பேசுவ. இல்ல எதையாவது தட்டிக்கிட்டிருப்ப. அன்னிக்குப் பூரா என்னையே பாத்துக்கிட்டிருந்த."

அப்பா அப்படிச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். அம்மா சிரிக்கல. "அந்தப் படத்தை அழிச்சுக் கிழிச்சு வெச்சுடாத. எனக்கு அனுப்பு"ன்னாங்க. அனுப்பினேன். நாலு நிமிஷப் படம், சத்தம் இல்ல. அதை அவங்க ரெண்டு மூணு தடவை போட்டுப் பாத்ததா அப்பா அப்புறம் சொன்னார்.

அம்மா செஞ்சதைத்தான் ரிசர்வ் வங்கியும் வேற விதமா சொல்லுது. 2020 ஜனவரியில வங்கிகள் வீடியோ வழியா வாடிக்கையாளரை அடையாளம் காண அனுமதி குடுத்தாங்க. அப்ப போட்ட விதிகள்ல ஒண்ணு, கேக்கற கேள்விகளோட வரிசையையும் வகையையும் மாத்தி மாத்திக் கேக்கணும்ங்கறது. எதிர்ல இருக்கறது அந்த நேரத்துல பேசற ஆளா, முன்னாடியே பதிவு பண்ணின படமான்னு தெரியணும்னுதான். அதாவது முகத்தைப் பாத்தா மட்டும் போதாது, அது எப்படி பதில் சொல்லுதுன்னு பாக்கணும்.

இது எவ்வளவு முக்கியம்னு ஹாங்காங்ல தெரிஞ்சுது. 2024 தொடக்கத்துல வெளிவந்த சேதி. ஒரு பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தோட அங்கத்திய ஊழியர் ஒருத்தர், வீடியோ கூட்டத்துல தன்னோட நிதி அதிகாரியையும் சக ஊழியர்களையும் பாத்துட்டு, அவங்க சொன்னாங்கன்னு சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிட்டார். கூட்டத்துல இவர் ஒருத்தர்தான் நிஜம். பொதுவெளியில கிடைச்ச வீடியோக்களை முன்னாடியே எடுத்து, போலிக் குரல் சேர்த்துத் தயார் பண்ணியிருக்காங்கன்னு போலீஸ் சொன்னாங்க.

சரி, கேள்வி கேட்டா மாட்டிக்குவான்ல? எப்பவும் இல்ல. 2020 ஏப்ரல்லயே அவதாரிஃபைன்னு ஒரு பைதான் நிரல் வந்துடுச்சு. யாரோ ஒருத்தரோட ஒரே ஒரு போட்டோ போதும். நீங்க தலையைத் திருப்பினா அந்தப் போட்டோ திருப்பும், நீங்க கண் சிமிட்டினா அதுவும் சிமிட்டும். அது வெளியே வர்ற வழியும் இதே பொய்க் கேமராதான். அதே வருஷம் ஹைதராபாத் ஐஐஐடியில வேவ்2லிப்னு ஒண்ணு செஞ்சாங்க. எந்தக் குரலைக் குடுத்தாலும் அதுக்கு ஏத்த மாதிரி உதட்டை அசைய வைக்கும். பாடங்களை வேற மொழிக்கு டப்பிங் பண்ணும்போது உதடு பொருந்தணுமேங்கிற நல்ல காரணத்துக்குப் பயன்படற விஷயம்தான். கத்தி காய் நறுக்கவும் ஆகும்ங்கற பழைய கதை. அதனால அம்மா வைத்தியமும் எல்லா நாளும் பலிக்கும்னு சொல்ல முடியாது. ஒரு நிமிஷம் மட்டும் முகத்தைக் காட்டிட்டு, நெட் சரியில்லைன்னு வீடியோவை நிறுத்திட்டா அம்மாவால என்ன கண்டுபிடிக்க முடியும்?

இதுக்கு வழி சொன்னது அப்பாதான். தோத்துப் போனவர் விடுவாரா?

"மணியார்டர் பட்டுவாடா பண்றப்ப நாங்க மூஞ்சியைப் பாத்தா குடுத்தோம்? கையெழுத்துப் போடத் தெரியாதவங்க கைநாட்டு வெப்பாங்க. அது யாரோட கட்டை விரல்னு எனக்கென்ன தெரியும்? பக்கத்துல தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். சாட்சி இல்லாம ஒரு பைசா நகராது. வாங்கறவரே கூட்டிட்டு வர்ற சாட்சி உதவாது, எனக்குத் தெரிஞ்ச சாட்சியா இருக்கணும்."

ஆடிப் போயிட்டேன். நாங்க பாதுகாப்புப் பயிற்சி வகுப்புல ஸ்லைடு ஸ்லைடா படிக்கிற விஷயம் இது. சேதி வந்த வழியிலேயே அதைச் சரிபார்க்காதே, உனக்கு ஏற்கனவே தெரிஞ்ச வேற வழியில போய்ச் சரிபார். கோழிக்கோட்டுக்காரருக்குக் கடைசியில உண்மை தெரிஞ்சதும் அப்படித்தானே? பழைய நம்பர்தான் சாட்சி.

அதனால இப்ப எங்க வீட்டுல ஒரு ஏற்பாடு. பணம், ஓ.டி.பி., கையெழுத்து, இந்த மூணுல எது பேச்சுல வந்தாலும், திரையில இருக்கறது நானே ஆனாலும், காலை வெட்டிடணும். அப்புறம் சுவத்துல மாட்டின காலண்டர்ல அப்பா கையால எழுதி வெச்சிருக்கிற என் நம்பருக்கு அவரே போன் பண்ணணும். திரையில வந்த நம்பருக்கு இல்ல, புதுசா குடுத்த நம்பருக்கும் இல்ல. நான் எடுக்கலைன்னா தங்கச்சி நம்பர் அதுக்குக் கீழயே இருக்கு. அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாத அவசரம்னு யாராவது சொன்னா, அதையே பொய்க்கு அடையாளமா எடுத்துக்கணும். போலீஸ், சி.பி.ஐ.ன்னு சொல்லி வீடியோவுல மிரட்டினாலும் இதே கதைதான். டிஜிட்டல் அரெஸ்ட்னு சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு 2024 அக்டோபர்ல பிரதமரே வானொலியில சொன்னார். பணம் போயிட்டா உடனே 1930க்கு அடிக்கணும். அந்த நம்பரும் காலண்டர்ல ஏறிடுச்சு.

போன வாரம் அப்பாவைச் சோதிச்சுப் பாத்தேன். ஊருக்கு வர ரயில் டிக்கெட் எடுக்கணும், ரெண்டாயிரம் ரூபா அனுப்புங்கன்னு வீடியோவுல நிஜமாவே நானே கேட்டேன். பேச்சோட பேச்சா டக்குனு வெட்டிட்டார். அடுத்த நிமிஷம் போன் அடிச்சுது. "ஆமா, நீதான் கேட்டியா? வேலை பாக்கற ஆளுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லையா?" பணம் வரல :-)

வெளியூர்ல இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரு வாரம் இந்த விளையாட்டை வீட்டுல விளையாடிப் பாருங்க. பெரியவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிட்டுச் செய்யுங்க, அதுதான் முக்கியம். உங்க வீட்டுல யார், எதை வெச்சுக் கண்டுபிடிச்சாங்கன்னு எனக்கும் சொல்லுங்க.

பி.கு.: விண்டோஸ், மேக்ல இருக்கறவங்களுக்கு வி4எல்2 லூப்பேக் கிடையாது. ஓபிஎஸ் ஸ்டூடியோவைப் போட்டுக்கங்க, அதோடவே ஒரு பொய்க் கேமரா வரும். பைவர்ச்சுவல்கேம் அதுக்கே படத்தை அனுப்பும். குரல் இந்த வழியில போகாது, அதுக்கு மைக் தனி. அப்புறம் உங்க திரையில உங்க படம் இடவலமா மாறித் தெரிஞ்சா பதறாதீங்க. அது உங்களுக்கு மட்டும் காட்டற கண்ணாடி பிம்பம், எதிர்ல இருக்கறவங்களுக்கு நேராத்தான் தெரியும். நிரல்ல திருப்பி வெச்சீங்கன்னா அவங்களுக்குத்தான் எழுத்தெல்லாம் தலைமாறிப் போகும்.